மெத்தைக்கு ஒரு வரிசை

காலை எட்டு மணிக்கே, கொட்டும் மழையில், ஆல்டர்ஷா ரோவர்ஸ் கால்பந்து மைதானத்து வாசலில் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். மெத்தை வாங்க.

முதல் ஆள் ஆறடி நாலு அங்குலம். தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தான்.

"கையை ஏண்டா அப்படி விரிச்சுக்கிட்டு நிக்கிற? மெத்தை என்ன பறந்தா வரப்போகுது?" குடைக்குள்ளிருந்து சீறினார் ஹோரக்ஸ்.

"பழக்கதோஷம் சார்."

"பந்து வரும்போது மட்டும் அந்தப் பழக்கம் எங்கடா போகுது?"

அவன் கிளப்பின் கோல்கீப்பர். பின்னால் நின்ற இருபத்தொன்பது பேரும் கிளப்பின் ஆட்டக்காரர்கள், புல் வெட்டுகிறவர்கள், துணி துவைக்கிறவர்கள். ஹோரக்ஸ் முப்பத்தொரு வருடமாக அங்கே செயலாளர். இவ்வளவு ஒழுங்காக ஓர் அணியை அவர் நிறுத்தியது இதுதான் முதல் தடவை.

எல்லாம் முதலாளி சர் லயனல் தோர்ன்கேட்டின் புண்ணியம். கிளப்பை வாங்கி இரண்டு வருடமாகியும் ஒரு ஆட்டத்தைக்கூட அவர் கடைசிவரை பார்த்ததில்லை. பணக்கார முதலாளிகள் சொந்தப் பையிலிருந்து வாரி இறைக்கக்கூடாது, கிளப் சம்பாதிப்பதைத்தான் செலவழிக்க வேண்டும் என்று லீக்கில் ஒரு விதி உண்டு. சர் லயனல் விதியை மதிக்கிறவர். ஆகவே தன் இன்னொரு பைக்கு 'ஸ்லம்பர்வெல் மெத்தைகள்' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரை ஆட்டக்காரர்களின் சட்டை நெஞ்சில் அச்சடித்து, விளம்பரக் கட்டணம் என்று வருடத்துக்கு மூன்று கோடி பவுண்டைக் கிளப்புக்குத் தள்ளினார்.

ஸ்லம்பர்வெல் அதுவரை ஒரு தலையணைகூட விற்றதில்லை. விஷயம் கசிந்து, லீக்கின் ஆய்வாளர் இன்று வருகிறார். கம்பெனி போலி என்று தெரிந்தால் பன்னிரண்டு புள்ளிகள் காலி. ரோவர்ஸ் கீழ்ப் பிரிவுக்கு உருளும். திருடியது முதலாளி, அடிபடுவது கிளப். அந்தக் கவலையில் ஹோரக்ஸ் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மைதானத்துப் பழைய டிக்கெட் அறையில் கடை போட்டு, லாரி லாரியாக மெத்தை இறக்கி, கிளப் ஆட்களையே வாடிக்கையாளர்களாக நிறுத்தியது அவர்தான்.

ஒன்பது மணிக்குத் திரும்பிப் பார்த்தார். முப்பது பேர் நாற்பத்தேழு பேராகியிருந்தார்கள். கடைசியில் சைக்கிளோடு ஓர் அம்மாள்.

"நீங்க யாரும்மா?"

"பாத்தா தெரியல? இவருக்குப் பின்னாடி நிக்கிறவ."

"எதுக்கு நிக்கிறீங்க?"

"அதெல்லாம் தெரியாது கண்ணு. வரிசை இருந்துச்சு, நின்னுட்டேன்."

அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான். வரிசையைக் கண்டால் கால் தானாக நின்றுவிடும். எதற்கு என்று கேட்பது மரியாதை இல்லை. அவ்வளவு நேரம் நின்றுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போவது அதைவிடக் கேவலம்.

பத்து மணிக்கு வரிசை மீன் வறுவல் கடையைத் தாண்டியது. பதினோரு மணிக்குப் பக்கத்து ஊரிலிருந்து தனி பஸ் விட்டார்கள். நாற்பது லட்சம் பவுண்டுக்கு வாங்கிய சென்டர் ஃபார்வர்ட் அந்த சீசனில் போட்டது இரண்டே கோல், அதில் ஒன்று சொந்த வலைக்குள். அவன் கடையில் நின்று மத்தியானத்துக்குள் அறுபது மெத்தை விற்றான்.

ஆய்வாளர் மிஸ் கிரெஸ்வெல் வந்தார். வந்தவர் நேராக வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

"மேடம், நீங்க முன்னாடி வாங்க!" ஹோரக்ஸ் பதறி ஓடினார்.

"வரிசையை மீறச் சொல்றீங்களா? அதையும் அறிக்கையில எழுதட்டுமா?"

ஹோரக்ஸ் கடைக்கே திரும்பி ஓடினார். மிஸ் கிரெஸ்வெல் இரண்டு மணி நேரம் நனைந்தபடி நின்று, நோட்டுப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் தனக்கு ஒரு இரட்டைக் கட்டில் மெத்தை வாங்கினார்.

அந்த நேரம் பார்த்து சர் லயனலின் கார் வந்தது. மைதானத்துக்கு வந்தால் கடிகாரத்தை மட்டும் பார்க்கிற மனுஷன், அன்றைக்கு வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"ஹோரக்ஸ், இத்தனை பேரும் நிஜமா வாங்கத்தான் வந்தாங்களா?"

"முப்பது பேர் நம்ம ஆளுங்க சார். மீதி எல்லாம் ஊர்ஜனங்க."

"போன சனிக்கிழமை மேட்ச்சுக்கு எத்தனை பேர்?"

"முந்நூறு சார். அன்னிக்கு மழை பாருங்க."

"இன்னிக்கும் மழைதான்."

ஹோரக்ஸ் அதைக் காதில் வாங்கவில்லை. மிஸ் கிரெஸ்வெல் நோட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு வியாபாரம் நான் பாத்ததில்ல. மூணு கோடி நியாயமான விலைதான். ஒரு புள்ளிகூடக் குறையாது."

ஹோரக்ஸுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. தொப்பியைக் கழற்றி மைதானத்துச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"பொழைச்சோம் சார்! இனிமே நம்ம கிளப்பை யாராலயும் அசைக்க முடியாது!"

சர் லயனல் அவரைப் பார்க்கவில்லை. வரிசையிலிருந்து கண்ணை எடுக்காமலே போனைக் காதில் வைத்தார்.

"கடைக்கு இடம் பத்தல. மைதானத்தை இடிச்சிடுங்க."