முன்சீட்டு ஓட்டு

முன்சீட்டுக்காக ஓட்டை விற்றுவிட்டாள் ராமுத்தாய்! ஜீப்பின் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஷாரோனுக்குத்தான் தாங்க முடியவில்லை.

"அத்தே, நெசமாத்தேன் கை தூக்குறியா? தகரடப்பாவுக்கா?"

"ஆமா. தகரடப்பாவுக்குத்தேன்," என்றாள் ராமுத்தாய், தூக்கிய கையை இறக்காமல். டிரைவர் ஈஸ்வரன் சந்தோஷத்தில் விசில் அடித்தான்.

விஷயம் இதுதான். போடியிலிருந்து மலைமேல் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஈஸ்வரனின் ஜீப்பில் கொஞ்ச காலமாகவே இரண்டு கட்சி. ஒத்தக்கொம்பு, தகரடப்பா என்று சென்னையில் இரண்டு ராப் கோஷ்டிகள். போடியில் மீசை அரும்பாத பயல்கூட இந்த இரண்டில் ஒன்றைப் பார்த்துத்தான் முடி வெட்டிக்கொள்கிறான். பேசுவதும் அதே வேகத்தில்தான்.

எது பெருசு என்ற சண்டையில் தினமும் காது கிழிந்தது. பொறுத்துப் பார்த்த ஈஸ்வரன், இன்று முந்தல் செக்போஸ்ட்டில் வண்டியை ஓரங்கட்டி ஓட்டெடுப்பு வைத்துவிட்டான். தோற்ற கோஷ்டியின் பாட்டு இனிமேல் இந்த ஜீப்பில் கிடையாது.

"தகரடப்பா அடிக்கிற அடிக்கு, செத்தவகூட எந்திரிச்சு ஆடுவா," என்று பிரசாரத்தை அவனேதான் ஆரம்பித்தான். "சோலிக்குப் போற சனத்துக்கு அதான வேணும்? காலங்காத்தால ஒப்பாரி எதுக்கு?"

"ஆடி முடிச்சா என்னண்ணே மிஞ்சும்?" ஷாரோன் விடவில்லை. "தகரடப்பா பாட்டுல அவய்ங்க காரு, அவய்ங்க கண்ணாடி, அவய்ங்க செயினு. ஒத்தக்கொம்புக்காரய்ங்கதேன் நம்மளப் பாடுறாய்ங்க. ஒரு வார்த்தயக்கூட முழுங்காம, மூச்சு விடாம பாடுறாய்ங்க."

"மூச்சு விடாம அழுகுறாய்ங்கன்னு சொல்லு!" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொல்ல, பாதிப் பேர் சிரித்தார்கள்.

சிரிக்கிறவர்களுக்கு என்ன? ஒத்தக்கொம்பின் பாடகன் முகத்தில் கர்ச்சீப் கட்டிக்கொண்டுதான் பாடுவான். அவன் ஊர் பேர் யாருக்கும் தெரியாது. தோட்ட வேலைக்குப் போன தன் அம்மா, ஜீப் கவிழ்ந்து செத்துப்போன கதையைப் பாடிப் பாடிக் கடைசியில் அழுதுவிடுவான்.

ஷாரோனின் அம்மா செல்லக்கனி போன வருடம் காய்ச்சலில் கண்ணை மூடினாள். அப்பா மறு கல்யாணம் முடித்துவிட்ட வீட்டில் அம்மா பேச்சையே எடுக்க முடியாது. அவள் வாய்விட்டு அழுவது இந்த ஜீப்பில், அந்தப் பாட்டு ஓடும் நேரத்தில் மட்டும்தான். அப்போது மட்டும் ஏன் அழுகிறாய் என்று யாரும் கேட்பதில்லை.

கைகளை எண்ணியபோது இரண்டு பக்கமும் சமமாக நின்றது. மிச்சம் ராமுத்தாய் ஒருத்திதான். செல்லக்கனியோடு ஒரே தட்டில் சோறு தின்ற சிநேகிதி என்பதால், அவள் ஓட்டைப் பற்றி ஷாரோன் கவலைப்படவே இல்லை. அந்த ராமுத்தாய்தான், ஈஸ்வரன் தினமும் அவளுக்கென்று பிடித்துவைக்கிற முன்சீட்டில் மகாராணி மாதிரி வலது காலை நீட்டிக்கொண்டு, தகரடப்பாவுக்குக் கை தூக்கியிருந்தாள்.

வண்டி கிளம்பியது. தகரடப்பா அலறியது. வளைவுக்கு வளைவு பெண்கள் கைதட்டிக்கொண்டு வர, ஷாரோன் மட்டும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அம்மாவை இரண்டாவது முறையாகப் புதைத்துவிட்டு வருவது போல இருந்தது அவளுக்கு.

போடிமெட்டில் டீக்கு நிறுத்தினான் ஈஸ்வரன். எல்லோரும் கடைப்பக்கம் போனதும் ஷாரோன் நேராக முன்சீட்டுக்கு வந்தாள்.

"ஒரு சீட்டுக்காக இப்பிடிப் பண்ணிட்டியே அத்தே! எங்காத்தா இருந்திருந்தா ஒன் மூஞ்சியில முழிப்பாளா?"

"சீட்டுக்காக இல்ல பாப்பா."

"பெறகு எதுக்கு? ஒனக்கென்ன, மெட்ராசுல சம்பாதிக்கிற மகன் இருக்கான். ஆத்தாளப் பறிகுடுத்தவ வலி ஒனக்கு எங்க தெரியப்போகுது? அந்தப் பாட்டுக்காரனுக்குத் தெரியும். அவனும் என்னையப் போலத்தேன்."

ராமுத்தாயின் முகம் மாறியது. "அவன் ஒன்னயப் போல இல்லடி."

"பேசாத அத்தே. இனிமே எங்கிட்டப் பேசாத."

ராமுத்தாய் வலது காலை இரண்டு கையாலும் தூக்கி, ஜீப்புக்கு வெளியே மெல்ல இறக்கினாள். அந்தக் கால் மடங்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஷாரோனுக்கு எதிரே நின்றாள்.

"செல்லக்கனி மக அழுது ஆறட்டும்னுதேன் இத்தன நாளும் வாயப் பொத்திக்கிட்டு அந்தப் பாட்டக் கேட்டேன். இனி என்னால முடியாதுத்தா."

"ஏன் முடியாது? அவன் என்ன பொய்யா பாடுறான்?"

"ஜீப்பு கவுந்தது நெசந்தேன்." ராமுத்தாய் மடங்காத காலைத் தட்டிக் காட்டினாள்.

"நான் என்னைக்குடி செத்தேன்?"