விருச்சிகத்தில் ஒரு தேதி

"இருபத்தி மூணாம் தேதி வேண்டாம்மா," என்றார் ஜோதிடர், கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "சந்திரன் விருச்சிகத்துல நீசமா இருக்கு. அன்னிக்குக் கல்யாணம் பண்ணினா காலம் பூரா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரிய வேண்டியதுதான்."

"மாப்பிள்ளைக்கு அந்த வாரம்தானே லீவு," என்றாள் எதிரில் உட்கார்ந்திருந்த பெண்.

"லீவை மாத்தலாம். சந்திரனை மாத்த முடியாது."

அவள் சற்று யோசித்தாள். "கீழயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடட்டுமா?"

ஜோதிடரின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது. "கேளு. யாரு வேண்டாம்னா? சீட்டைக் குலுக்கிப் போட்டுத் தேதி குறிக்கட்டும். அதையும் பார்த்துடலாம்."

கீழ்த்தளத்தில் இருந்தவர் டாரட் சீட்டு பார்க்கும் பெண்மணி. ஒன்பது வருடங்களுக்கு முன்பு வரை இருவரும் ஒரே அறையில், ஒரே பெயர்ப்பலகையின் கீழ் பலன் சொன்னவர்கள். அவர் ராசியைச் சொல்லும்போது இவர் குறுக்கே சீட்டைப் போடுவார். இவர் சீட்டுக்கு அர்த்தம் சொல்லும்போது அவர் குறுக்கே ஒரு கிரகத்தைக் கொண்டுவருவார். ஒரு நாள் பேச்சு முற்றிப் பிரிந்துவிட்டார்கள். கட்டிடத்தின் குத்தகையைப் பிரிக்க முடியாததால் தளத்தைப் பிரித்துக்கொண்டார்கள். அதன் பிறகு படிக்கட்டில் ஒருவரின் செருப்புச் சத்தம் ஓயும்வரை மற்றவர் கதவைத் திறப்பதில்லை.

"சொல்லும்மா. மேல என்ன சொன்னாங்க?" என்றார் பெண்மணி.

"விருச்சிகமாம். வேண்டாமாம்."

"ஒரு சீட்டு எடு."

எடுத்தாள். வெள்ளைக் குதிரையில் ஓர் எலும்புக்கூடு. கீழே 'மரணம்' என்று எழுதியிருந்தது.

"ஐயோ!"

"என்ன ஐயோ? குதிரைக்குப் பின்னால பாரு, ரெண்டு கோபுரத்துக்கு நடுவுல சூரியன் வருதா இல்லையா? இது சாவு இல்ல. பழசு முடிஞ்சு புதுசு ஆரம்பிக்கறது." சொல்லிவிட்டுத் தயங்கினார். "இந்தச் சீட்டோட ராசியும் விருச்சிகம்தான்."

"அப்போ ரெண்டு பேரும் ஒண்ணைத்தானே சொல்றீங்க!"

"எங்க ஒண்ணு? மேல இருக்கறவருக்குத் தேளோட கொடுக்கு மட்டும்தான் தெரியும். பாபிலோன் கதையில சூரியன் வெளிய வர்ற வாசலுக்கே தேள் மனுஷங்கதான் காவல். எகிப்துல தலையில தேளை வெச்சிருக்கற தெய்வம்தான் விஷத்தை இறக்கும். போய்ச் சொல்லு."

போய்ச் சொன்னாள்.

"கிரேக்கக் கதையை வசதியா விட்டுட்டாங்களே," என்றார் ஜோதிடர். "தேள் கொட்டி வேட்டைக்காரன் செத்தான். ரெண்டையும் வானத்துல எதிரெதிர் மூலையில வெச்சாங்க. ஒண்ணு உதிச்சா மத்தது மறைஞ்சுடும். கல்யாணத்துக்கு நல்ல அடையாளம்தான்! போய்ச் சொல்லு."

மறுபடி இறங்கிச் சொன்னபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. "இனிமே என்னால ஏறி இறங்க முடியாது. நீங்களே வந்து பேசிக்கோங்க."

பெண்மணி கையிலிருந்த சீட்டோடு விறுவிறுவென்று படியேறினார். அவரைக் கதவருகே பார்த்ததும் ஜோதிடர் நாற்காலியை விட்டு எழுந்து, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"தேள்னா வாசல்," என்றார் பெண்மணி.

"வாசல்ல நின்னு கொட்டும்."

"சந்திரன் அங்கேயே பாயைப் போட்டுப் படுத்திருக்குமா? எப்போ நகருது? பாருங்க."

ஜோதிடர் பார்த்தார். "காலையில பத்து நாற்பதுக்கு. தனுசுக்குப் போகுது."

"தனுசுக்கு என்ன சீட்டு, தெரியுமா?"

"ரெண்டு கோப்பைத் தண்ணியை ஒண்ணா ஊத்திக் கலக்கற தேவதை." அவர் குரல் தணிந்திருந்தது. "மறக்கல."

பெண்மணி கையிலிருந்த சீட்டை மேஜைமேல் வைத்தார். பிறகு, "அப்போ பதினொரு மணிக்கு வெச்சுக்கலாம்னு முதல்லயே சொல்றதுக்கென்ன? சின்னப் பொண்ணை இப்படியா மாடி ஏற விடறது? எப்பவும் இதே புத்தி..." என்று ஆரம்பித்தார். ஜோதிடர் நாற்காலியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் சத்தமில்லாமல் வராந்தாவுக்கு நழுவி, கதவை ஒருக்களித்துவிட்டுக் கைபேசியில் மாப்பிள்ளையைக் கூப்பிட்டாள்.

"தேதியை விடுங்க, அது எதுவா இருந்தாலும் சரி," என்றாள் கிசுகிசுப்பாக. "நாளைக்கு உங்க வீட்டுலேர்ந்து எல்லாரையும் தைரியமா கூட்டிட்டு வாங்க. அப்பா சேர்ல உட்கார்ந்திருக்காரு, அம்மா பக்கத்துல நின்னு திட்டிக்கிட்டிருக்காங்க!"