ஹன்ஸுக்கு ஊர்ச் சொசேஜ்

“ஹன்ஸ் நாலு நாளாய் வாயில ஒண்டும் வைக்கேல்லை. இப்பிடியே கிடந்தால் சனிக்கிழமை பிளேனில ஏத்தி ஜேர்மனிக்குத் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்” என்றார் பஸ்ரியன் அண்ணை.

மிதிவெடி அகற்றும் முகாமுக்கு வாகனம் ஓடுபவர் அவர். அங்கே இருப்பவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு எங்கள் றோஸ்மேரி மாமியின் குசினியிலிருந்துதான் போகும். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மாமிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

ஆம்பிளைகள் யாராவது வந்தால் நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுவிடுவேன். அதனால் ஊர்க்கதை எல்லாம் எனக்குப் பாதியில் தொடங்கிப் பாதியிலேயே முடியும். ஹன்ஸின் கதையும் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

“ஐயோ தம்பி, அப்ப எங்கட காணி?” மாமி அகப்பையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“ஹன்ஸ் போனால் வேலை நிண்டிடும், அக்கா. வேற ஆள் வாறதெண்டால் அடுத்த வருசம்தான்.”

விடத்தல்தீவுக் கோயில் வளவில், தகரக் கொட்டிலுக்குள் நாங்கள் இருக்கத் தொடங்கி இரண்டு வருடம். கொட்டில் வாசலில் நின்றால் எங்கள் வீட்டுக் கிணற்றுக்கட்டு தெரியும். நடுவில் மஞ்சள் நாடாவும் மண்டையோடு வரைந்த பலகையும்.

“அவன்ர ஊரில இருந்து கொண்டந்த சொசேஜ் முடிஞ்ச நாளிலயிருந்துதான் இந்தக் கூத்து. கொழும்பில வாங்கிக் குடுத்தம். மணந்து பாத்திட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திட்டான்.”

‘படுத்திட்டான்’ என்றது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பஸ்ரியன் அண்ணை ஆயரைத் தவிர எல்லாரையும் அவன், இவன் என்றுதான் சொல்லுவார்.

“வேலையில ஆள் எப்பிடி?” என்று மாமி கேட்டார்.

“விண்ணன், அக்கா! வெடி இருக்கிற இடத்தைக் கண்டால் ஒரு சத்தம் போடமாட்டான். பேசாமல் அப்பிடியே இருந்திடுவான்.”

கதவுக்குப் பின்னால் நின்ற நான் காதை இன்னும் கிட்டக் கொண்டுபோனேன். நானும் சத்தம் போடமாட்டேன். எங்கே போனாலும் பேசாமல் இருந்துவிடுவேன். உலகத்தில் என்னைப்போல இன்னொருவர் இருக்கிறார், அவர் பசியோடும் இருக்கிறார். நீலக் கண்ணும் மெலிந்த தோளுமாக ஒருவரை அந்த இடத்திலேயே மனதுக்குள் நான் செய்து முடித்துவிட்டேன்.

“நான் செய்து தாறன்.”

கதவே பேசியதுபோல இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“எடித், உனக்குச் சொசேஜைப் பற்றி என்னடி தெரியும்?” என்றார் மாமி.

“செய்யட்டும், அக்கா. நல்ல பண்டி இறைச்சியாய் இருக்கவேணும். வெங்காயம், உள்ளி, மிளகாய் ஒண்டும் போடக்கூடாதெண்டு டொக்டர் கண்டிப்பாய்ச் சொன்னவர்” என்றார் பஸ்ரியன் அண்ணை. வெள்ளைக்காரருக்கு எங்கள் உறைப்பு ஆகாதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் ஒரு கலியாண வீட்டுக்காகச் செபமாலை அண்ணை பன்றி அடித்தார். குடலைக் கேட்டு வாங்கி, தேசிக்காயும் உப்பும் தேய்த்து ஏழு தண்ணீரில் கழுவினேன். இறைச்சியைப் பொடியாகக் கொத்தி, புனலால் அடைத்து, வலை பின்னும் நூலால் முடிச்சுப் போட்டேன். முதலில் போட்ட மூன்றும் சட்டிக்குள்ளேயே படார் படாரென்று வெடித்தன.

“இதைத் துப்புரவாக்கவும் ஹன்ஸைத்தான் கூப்பிட வேணும்” என்று மாமி விழுந்து விழுந்து சிரித்தார்.

மிச்சத்தை ஊசியால் குத்தி, மெல்லிய நெருப்பில் அவித்தெடுத்தேன். ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தால், ஈரத் துணியைச் சப்பியது போல இருந்தது. இதற்காகவா ஒருவர் நாலு நாள் பட்டினி கிடக்கிறார்? பிழை அவருடைய ஊரில்தான், என் கையில் இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வாழையிலையில் பொதி கட்டும்போது, அடியில் ஒரு கடிதமும் வைத்தேன். ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலத்தில் மூன்று வரி. ‘அன்புள்ள ஐயா, தயவுசெய்து சாப்பிடுங்கள். நீங்கள் போனால் எங்களுக்கு வீடு இல்லை. நானும் அதிகம் கதைக்கமாட்டேன்.’ மூன்றாவது வரி எதற்கென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கொழுப்புப் பட்டு எழுத்து ஊறிவிடுமோ என்பதுதான் அப்போது என் ஒரே கவலை.

முகாமுக்குள் போக எங்களுக்கு அனுமதி இல்லை. ஆனாலும் பொதியைக் கொடுத்துவிடுவதற்காக, உயிர்த்த ஞாயிறுக்குத் தைத்த சட்டையைப் போட்டு, முகத்துக்குப் பவுடரும் பூசினேன். குனிந்த தலை நிமிராததால் அந்தப் பவுடரைப் பார்த்தது வாகனத்தின் முன்சில்லு மட்டும்தான்.

பின்னேரம் பஸ்ரியன் அண்ணை வெறும் பாத்திரத்தைத் தட்டிக்கொண்டு வந்தார். ஒளிந்துகொள்ளும் நான் அன்றைக்கு வாசலிலேயே நின்றேன்.

“ஒரு துண்டு மிச்சமில்லை, அக்கா! இனி அவன் ஒரு இடமும் போகமாட்டான். நாளைக்குக் காலமை உங்கட வேலிக்கரையிலதான் வேலை.”

மாமி சிலுவை போட்டுக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி வைக்கப் போனார்.

நான் ஒரு எட்டு முன்னால் வந்தேன். “அண்ணை... பொதிக்கு அடியில ஒரு கடிதம் வைச்சனான். அவர் அதுக்கு என்ன சொன்னவர்?”

பஸ்ரியன் அண்ணை என் சட்டையைப் பார்த்தார். பிறகு பவுடரைப் பார்த்தார்.

“அதையும் சேர்த்துத் திண்டுபோட்டு வாலை ஆட்டினவன், தங்கச்சி.”