புதன்கிழமை முழங்கால்

முழங்கால் நன்றாக வீங்கியிருந்தது.

அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

பெரியாஸ்பத்திரி மாடி வராந்தாவில், பெஞ்சில் உட்கார்ந்தபடியே சேலைக்கு மேலாகத் தடவிப் பார்த்தாள். வலது முட்டி பன் மாதிரி உப்பியிருந்தது. இடதும் மோசமில்லை. விரல் கணுக்கள் சிவந்து மினுமினுத்தன. தொட்டால் சுட்டது.

நான்கு நாளாக மாத்திரை போடவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம் மட்டும் சொல்ல வேண்டி வந்தது. ஜாக்கெட் ஊக்கு மாட்ட அவள் வேண்டுமே.

"உனக்கென்ன பைத்தியமாம்மா?" என்று திட்டிக்கொண்டேதான் மாட்டிவிட்டாள்.

பைத்தியம்தான். போன வருஷம் மட்டும் தெளிவாக இருந்து என்ன கிழித்தாள்?

போன வருஷமும் இதே மாடி, இதே பெஞ்சு, இதே மாற்றுத்திறனாளி சான்றிதழ். டாக்டரைப் பார்க்கப் போகிறோமே என்று விடியும்போதே வீக்கத்துக்கான ஸ்டீராய்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். இஸ்திரி போட்ட சேலை கட்டினாள். பூ வைத்துக்கொண்டாள். மாடிப்படி முழுவதையும் கைப்பிடியைத் தொடாமல் ஏறி வந்தாள். அதில் ஒரு பெருமை வேறு.

டாக்டர் முட்டியை மடக்கினார். நீட்டினார்.

"நல்லாத்தானேம்மா மடங்குது?"

முப்பது சதவீதம் என்று எழுதினார்.

நாற்பது வேண்டும். நாற்பது இருந்தால்தான் ஆசிரியர் மாறுதல் கலந்தாய்வில் முன்னுரிமை. முன்னுரிமை இருந்தால் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம். இல்லாவிட்டால் இன்னொரு வருஷமும் அந்த மலைப் பள்ளிக்கூடம்தான். இரண்டு பஸ், ஒரு ஏற்றம், அப்புறம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு தரையில்.

தரையில் உட்காருவதுகூடப் பரவாயில்லை. எழுந்திருப்பதுதான். பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். நாலு பேர் கையைப் பிடித்து இழுப்பார்கள், மற்றவர்கள் சுற்றி நின்று ஐலசா போடுவார்கள். அவளும் சிரிப்பாள்.

சிரிக்காமல் என்ன செய்வது?

இந்த முடக்குவாதம் இருக்கிறதே, அது விருந்தாளி வந்த வீட்டுப் பிள்ளை மாதிரி. டாக்டர் முன்னால் அவ்வளவு அடக்கம். வீட்டுக்குத் திரும்பியதும் ஆரம்பித்துவிடும். அதனால்தான் இந்த முறை அதை அதன் போக்கில் விட்டுப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள்.

நாலு நாள்.

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் தண்ணீர்ச் சொம்பு கைநழுவியது. மூன்றாம் நாள் கரும்பலகையில் 'அ' போட்டாள், சுழி சேரவில்லை. இன்று காலை கட்டிலை விட்டு இறங்கவே முக்கால் மணி நேரம். வலியைக்கூடச் சமாளித்துவிடலாம். இந்த அலுப்பைத்தான் தாங்க முடியவில்லை. தூங்கி எழுந்தாலும் அலுப்பு. சும்மா உட்கார்ந்திருந்தாலும் அலுப்பு.

மாத்திரை அட்டை கைப்பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் இருந்தது. டாக்டர் கையெழுத்துப் போட்ட நிமிஷமே, படி இறங்குவதற்கு முன்பே, விழுங்கிவிட வேண்டும். அந்த ஒரு நினைப்பில்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

பக்கத்தில் இருந்தவர் தடித்த ஆள். பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் பரோட்டா மாஸ்டராம். வேட்டியை ஏற்றி மடித்திருந்தார். இரண்டு முட்டியும் இளநீர்க்காய் அளவுக்கு இருந்தன. அவள் விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எத்தன நாளா நிறுத்தியிருக்கீங்கக்கா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுற்றும்முற்றும் பார்த்தாள்.

"நாலு."

"நான் மூணு. நேத்து மாவுல கைய வைக்க முடியல."

எதிர் பெஞ்சில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்த அம்மாள் கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கி ஐந்து விரலைக் காட்டினாள். ஒரு விரலும் முழுதாக நிமிரவில்லை.

மூன்று பேரும் சிரித்தார்கள். நாலு நாளில் அவள் சிரித்தது அப்போதுதான்.

பதினொன்றரைக்குக் கதவு திறந்தது. வந்தது டாக்டர் இல்லை, பியூன்.

"எலும்பு டாக்டர் கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் போயிட்டாரு. இன்னைக்கு வரமாட்டாரு. எல்லாரும் அடுத்த புதன்கிழமை வாங்க."

யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட வேண்டுமானால் முதலில் எழுந்து நிற்க வேண்டும்.

அடுத்த புதன்கிழமை.

கலந்தாய்வு அதற்கு மறுநாள் வியாழக்கிழமை.

அவளுக்கு அழுகை வந்தது. அழுவதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், பிதுங்கவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தார். விழுங்கித் தண்ணீர் குடித்தார்.

"நாளைக்குச் சந்தை நாளுங்கக்கா. கல்லு முன்னால நின்னாகணும். சர்ட்டிபிகேட்ட அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்."

மூடாத பாட்டிலை அவள் பக்கம் நீட்டினார்.

"நீங்களும் போடுங்க. எதுக்கு இந்தப் பாடு?"

இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்து வாங்கினாள். மடியில் கைப்பை இருந்தது. பக்கவாட்டு ஜிப்பு மேலேதான் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பாட்டிலைத் தூக்கி, அண்ணாந்து, தண்ணீரை மட்டும் குடித்தாள்.