மல்லாந்து படுத்த மேலாளர்

மேசைக்கு அடியிலிருந்து மேலாளரின் இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அசைவே இல்லை.

"சார், உசிரோடதானே இருக்கீங்க?" எதிர் மேசைக் கணக்காளர் அம்மா பதறிப்போய் எட்டிப் பார்த்தார்.

"ரேம் மாத்திக்கிட்டிருக்கேன்!" என்றன கால்கள்.

சாயங்காலத்துக்குள் பாலத்தின் வரைபடம் டெண்டருக்குப் போகாவிட்டால் கிளை அலுவலகத்துக்கே பூட்டு. வரைபடமோ, திறக்கும்போதெல்லாம் மெமரி போதவில்லை என்று சொல்லி உறைந்துபோனது. மெமரியைக் கூட்டும் புது ரேமோடு வந்த கடைக்காரரை, "ஒரு துண்டைச் செருகறதுக்கு ஆள் எதுக்குய்யா? நான் இன்ஜினியர்" என்று வாசலோடு அனுப்பியிருந்தார் மேலாளர்.

குனிவது பதவிக்கு அழகல்ல என்பது அவர் கொள்கை. எதிரெதிராக ஒட்டிப் போட்ட இரண்டு மேசைகளுக்கடியில் இருந்த இரண்டு கறுப்புப் பெட்டிகளில் வலப்பக்கத்துப் பெட்டியைத் தினமும் கால் கட்டைவிரலால் அமுக்கித்தான் கம்ப்யூட்டரை எழுப்புவார். இன்று தலைவிதி அவரை மெக்கானிக் போல மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டது. வலது கைப்பக்கம் இருந்த பெட்டியை இழுத்தார், ஒயரைப் பிடுங்கினார், ரேமைச் செருகினார். 'டக்'கென்று கச்சிதமாக உட்கார்ந்தது. ஒயரைத் திரும்ப மாட்டினார்.

எழுந்து நாற்காலியில் அமர்ந்து கட்டைவிரலை நீட்டினார். திரை விழித்தது. அதே பழைய நாலு ஜிபி மெமரி.

"டூப்ளிகேட் சரக்கைத் தலையில கட்டிட்டியேய்யா!" என்று கடைக்காரரிடம் போனில் பாய்ந்தார்.

"டெஸ்ட் பண்ணித்தான் கொடுத்தேன் சார். கழட்டி, அழிக்கிற ரப்பரால தேச்சு, மறுபடி போடுங்க. இல்ல, நானே வந்துடறேனே?"

"வேணாம்!"

மறுபடியும் மல்லாந்தார்.

"சார், என் கம்ப்யூட்டர் திரும்பவும் ஆஃப் ஆயிடுச்சு. பாதி வேலை போச்சு" என்றார் கணக்காளர் அம்மா.

"கரண்ட் ஏத்த இறக்கம்மா! இங்க ஆபீஸே மூழ்குது, உங்களுக்கு உங்க கணக்குதான் பெரிசா?"

தேய்த்தார், ஊதினார், துளை மாற்றிச் செருகினார், கடைசியில் கெஞ்சியும் பார்த்துவிட்டார். நாலு ஜிபி நாலாகவே நின்றது. வரைபடம் பாதிப் பாலத்தைக் காட்டிவிட்டு உறைந்தது. மீதிப் பாதிக்காகக் காத்திருந்தபோதே டெண்டர் நேரம் முடிந்துபோனது.

தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் அழைத்தார். மேலாளர் போனை எடுத்தார்.

"போச்சு சார். எல்லாம் செஞ்சு பாத்துட்டேன். அந்தப் படத்தைத் திறக்கற தெம்பு இந்த ஆபீஸ்ல எந்த மெஷினுக்கும் கிடையாது."

"சரி. பூட்டிட்டுச் சாவியை அனுப்புங்க."

மேலாளர் மேசைமேல் கவிழ்ந்தார். கணக்காளர் அம்மா எட்டிப் பார்த்து மெல்லச் சொன்னார்:

"சார், என் கம்ப்யூட்டர் மட்டும் இன்னிக்கு என்னமாப் பறக்குது!"