மலையின் கிழக்குப் பக்கம்

"ஆருக்காகத் தம்பி இந்த மலையை இத்தனை படம் எடுத்தனீர்?"

மேசை நிறையப் பரப்பிக் கிடந்த புகைப்படங்களை இன்ஸ்பெக்டர் இளையதம்பி ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். எல்லாமே ஒரே சுண்ணாம்புக்கல் மலை. எடுத்த இடம்தான் வேறு வேறு.

"என் படிப்புக்குத்தான் சார்," என்றான் பத்துமலை.

இங்கிலாந்தில் கம்ப்யூட்டர் துறையில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவன். மூன்று வார விடுமுறையில் மலேசியாவுக்கு, ஈப்போ நகருக்கு வந்தவன் புந்தோங் பகுதியில் உள்ள வீட்டில் சாப்பிட்டுத் தூங்கிவிட்டுப் போயிருக்கலாம். கம்யூனிஸ்டுகளைத் தேடி ராணுவம் காடு காடாக அலைந்துகொண்டிருந்த எழுபத்தொன்பதாம் ஆண்டில், காமிராவும் குறிப்பேடுமாக மலையைச் சுற்றினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? இன்று காலை பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

நாளை மறுநாள் விமானம். படங்கள் போனால் இரண்டு வருட உழைப்பு போச்சு. அதைவிடப் பெரிய பயம், பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போனவன் எப்போது வெளியே வருவான் என்று யாருக்கும் தெரியாது.

வெளியே பெஞ்சில் அம்மா செல்லாயி உட்கார்ந்திருந்தாள். மகனைக் காப்பாற்றுகிறேன் என்று காவலரிடம், "எம் மவன் ஏரோப்ளேன் ஓட்டுறவங்களுக்கு மலையைப் படம் போட்டுக் குடுக்குற படிப்பு படிக்கிறான்யா," என்று சொல்லி வைத்திருந்தாள். அதைக் கேட்ட பிறகுதான், அதுவரை எட்டிப் பார்க்காத பெரிய இன்ஸ்பெக்டரே விசாரணைக்கு வந்து உட்கார்ந்தார். தாய் பரிந்து பேசுவதும் சில நேரம் இப்படித்தான் வினையாகிவிடுகிறது.

"எனக்கு விளங்கேல்லை. விளங்கிற மாதிரிச் சொல்லும்."

"விமானம் ஓட்டப் பழகுறவங்களுக்காக சார். ஒரு சின்ன அறையில உக்காந்திருப்பாங்க. முன்னால ஒரு திரை. அதுல இந்த மலை தெரியும்."

"சினிமாவோ?"

"இல்ல சார். சினிமா எடுத்து வச்சதைத்தான் காட்டும். இது, அவங்க எந்தப் பக்கம் திருப்புறாங்களோ அந்தப் பக்கம் மலை எப்படித் தெரியுமோ, அதை அப்பவே கம்ப்யூட்டர் வரைஞ்சு காட்டணும். ஒரு செகண்டுக்கு இருபத்தஞ்சு படம். கொஞ்சம் பிந்தினாலும் பிரயோசனம் இல்ல. அந்த வேகத்துக்கு வரைய வைக்கிறதுதான் என் ஆராய்ச்சி."

"உலகத்தில வேற மலை இல்லையோ?"

"நாங்க முன்னே இருந்த ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால இருக்கிற மலை சார். மூடுபனி இறங்கினா பக்கத்துல வந்தாக்கூட தெரியாது. ஓட்டுறதுக்குக் கஷ்டமான இடமா பார்த்து எடுன்னு பேராசிரியர் சொன்னாரு."

புரட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"மோதினால்?"

"திரை கறுத்துப் போகும் சார். அவ்வளவுதான். திரும்ப மொதல்லேருந்து ஓட்டலாம்."

"திரும்பவோ?"

"ஆமா சார். எத்தனை தடவை வேணும்னாலும்."

இன்ஸ்பெக்டர் படங்களை மூன்று அடுக்காகப் பிரித்து வைத்தார்.

"கிழக்குப் பக்கம் எங்கை?"

"சார்?"

"மூன்று பக்கம் கிடக்கு. கிழக்குப் பக்கம் எடுத்த படம் எங்கை? ஒளிச்சு வைச்சிருக்கிறீரோ?"

"ஐயோ, இல்ல சார்! அங்க ராணுவம் வேலி போட்டுத் தடுத்திருக்கு. வேலிக்கு அந்தப் பக்கம் நான் போகவே இல்ல."

"அப்ப உம்மட திரையில அந்தப் பக்கம் என்ன தெரியும்?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். பத்துமலை உண்மையைச் சொன்னான். "உத்தேசமா போட்டுக்குவேன் சார். மத்த பக்கத்தைப் பார்த்து, ஏறக்குறைய..."

மேசை அதிர்ந்தது. இரண்டு படங்கள் தரையில் விழுந்தன.

"உத்தேசமாவோ? மலை என்ன, உம்மட நோட்டுப் புத்தகத்திலயோ நிக்குது? உம்மை நம்பி ஒருத்தன் ஓட்டப் பழகுவான். நீர் ஏறக்குறைய கீறி வைப்பீரோ?"

அவர் முகம் சிவந்திருந்தது. வாசலில் நின்ற காவலரிடம் மலாயில் ஏதோ சொன்னார். ஜீப் என்ற சொல் மட்டும் பத்துமலையின் காதில் விழுந்தது.

"எழும்பும்."

"எங்க சார்?"

"எழும்பும் எண்டு சொன்னன்."

பத்து காஜா சிறைக்குத்தான் என்று அவன் முடிவே செய்துவிட்டான்.

கதவு திறந்ததும் செல்லாயி ஓடிவந்து குறுக்கே நின்றாள். "எங்கய்யா கொண்டு போறீங்க எம் புள்ளைய? நாளன்னிக்கு அவன் பிளேன் ஏறணும்லா! அந்தப் படமெல்லாம் நீங்களே வச்சுக்குங்க, இந்த சுசா, இந்தத் தொல்லை எங்களுக்கு வேணாம்யா!"

"அழாதேங்கோ அம்மா. பின்னேரம் நானே வீட்டில கொண்டுவந்து விடுறன்."

அவள் நம்பவில்லை. பத்துமலையும் நம்பவில்லை.

ஜீப்பில் ஏறியதும் இன்ஸ்பெக்டர் காமிராவையும் படங்களையும் அவன் மடியில் வைத்தார். பிறகு அவனைப் பார்க்காமல், சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"ராணுவத்தோட நான் கதைக்கிறன். நீர் கிழக்குப் பக்கத்தை ஒரு அடி விடாமல் எடும். போன ஐப்பசியில, மூடுபனிக்குள்ள, என்ர மகன் ஓட்டின ஹெலிகாப்டர் மோதினது அந்தப் பக்கத்திலதான்."