குடும்ப ஞாயிறு

"அம்மாங்க எல்லாரும் வளையல், மோதிரம், வாட்ச் எல்லாத்தையும் கழட்டிடுங்க. யாரும் வாயத் திறக்கக் கூடாது. இருமல் வந்தாகூட அடக்கிக்கணும்!"

சிஸ்டர் ஜெசிந்தா சொன்னதும் ஹால் முழுக்கச் சிரிப்பு. டவுன்ஷிப் மாதா கோயிலில், முதல் நற்கருணை வாங்கப்போகும் புதுநன்மை வகுப்புப் பிள்ளைகளுக்கு அன்று குடும்ப ஞாயிறு. பூசை முடிந்து தாய்மார்கள் வரிசையாகக் கையை நீட்டி நின்றார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு வரும் பிள்ளைகள், கையைத் தொட்டே தங்கள் அம்மாவைக் கண்டுபிடிக்க வேண்டும்.

மற்ற அம்மாக்களைப் போலவே தமயந்தியும் கையைப் புடவையில் துடைத்துவிட்டு நீட்டினாள். மறுபடி துடைத்தாள்.

"ஏன் இப்படி வேர்க்குது? ஒன் பொண்ணுக்கு ஒன் கை தெரியாதா?" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

"அது என்னைத் தொட்டு நாலு வருசம் ஆச்சுங்க."



புருஷன் சுதாகர் குடித்துவிட்டு அடித்த அடி தாங்காமல், ஒரு மத்தியானம், தூங்கிக்கொண்டிருந்த நாலு வயது இளவேனிலை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் பஸ் ஏறியவள் தமயந்தி. ஒரு மாசத்தில் வந்து பிள்ளையைக் கூட்டிப்போவதாகத்தான் நினைத்தாள். பனியன் கம்பெனி ஹாஸ்டலில் பிள்ளையைச் சேர்க்க விடவில்லை. நாள் ஆக ஆக, வடக்குத்து ஊருக்குத் திரும்பி, புருஷன் வீட்டு வாசலில் போய் நிற்கிற தைரியமும் போய்விட்டது.

மஞ்சள் காமாலையில் சுதாகர் போய்ச் சேர்ந்த செய்தி கேட்டுத்தான் இப்போது வந்திருந்தாள். பிள்ளையை வளர்த்தது சுதாகரின் அக்கா பிலோமினா. அவள் தமயந்தியைத் திட்டவில்லை.

"நான் மறிக்கல தமயந்தி. அது ஒன் புள்ள. ஆனா இழுத்துக்கினு போவக் கூடாது. அதுவா வந்து ஒன் கையப் புடிச்சா, கூட்டிக்கினு போ."

அதைக் கேள்விப்பட்டுத்தான் சிஸ்டர் இந்த விளையாட்டையே யோசித்திருந்தார். வளர்த்தவளாகப் பிலோமினாவும் வரிசையில் நின்றாள்; அம்மா வந்திருப்பது மட்டும் இளவேனிலுக்குத் தெரியாது. வகுப்பறையிலேயே கண்ணைக் கட்டி ஹாலுக்குக் கூட்டி வந்தார்கள்.

பிள்ளைகள் ஒவ்வொன்றாக அம்மாவைக் கண்டுபிடித்துக் கட்டிக்கொண்டன. ஒரு பையன் தப்பான கையைப் பிடித்து, எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். பிறகு இளவேனில் வந்தாள்.

முதல் கையைத் தொட்டாள், விட்டாள். அடுத்த கை, அதற்கடுத்த கை. நிற்காமல் வந்தவள் தமயந்தியின் கைக்கு வந்ததும் நின்றாள். தமயந்தி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவோடு பருப்புக் கடைந்து விளையாடுவதுபோலச் சின்ன விரல்கள் உள்ளங்கையைத் தடவின. சுண்டுவிரலை மெல்ல மடக்கின. மோதிர விரலுக்கு வந்து அப்படியே நின்றன.

பிறகு அந்தக் கையைக் கீழே விட்டுவிட்டு இளவேனில் நகர்ந்தாள். வரிசையின் கடைசியில் நீண்டிருந்த கையைப் பிடித்ததும், "அத்த!" என்று பிலோமினாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்தாள். ஹாலில் கைதட்டல் ஓயவே நேரமானது.

தமயந்தி பின்பக்கத்து வராந்தாவுக்கு ஓடிப்போய்ச் சுவரில் சாய்ந்து அழுதாள். சிஸ்டர் அவள் தோளைத் தொட்டார்.

"நாலு வயசுல பாத்தது தமயந்தி. கொழந்தை மறந்துடுச்சு, அவ்வளவுதான்."

தமயந்தி நிமிர்ந்தாள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாங்க சிஸ்டர், மறந்துதான போச்சு? என் மேல கோவம் ஒண்ணும் இல்லல்ல? மறந்தா பரவால்ல. நான் இங்கயே ஒரு ரூம் எடுத்துக்கிறேன். வாரா வாரம் வகுப்புக்கு வந்து ஒக்காந்துக்கிறேன். மொதல்லேர்ந்து பழகிக்கிறேன்."

"பழகிடுவா. இரு, நான் கூட்டிட்டு வரேன்."

சிஸ்டர் உள்ளே போய் இளவேனிலைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். பிலோமினா கதவருகிலேயே நின்றுகொண்டாள். தமயந்தி அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தரையில் மண்டியிட்டு, கையை நீட்டி, சிரிக்கப் பார்த்தாள்.

சிஸ்டர் குனிந்து சொன்னார்.

"கண்ணு, இது யாரு தெரியுதா? ஒங்கம்மா. ஒன்னப் பாக்கத்தான் வந்திருக்காங்க. வரிசையில நின்னாங்க, பாவம், ஒனக்குத்தான் அவங்க கை தெரியாமப் போச்சு. இப்ப புடிச்சுக்கிறியா?"

இளவேனில் தமயந்தியின் முகத்தைப் பார்க்கவில்லை. நீட்டியிருந்த கையையே பார்த்தாள்.

"தெரிஞ்சிதான் சிஸ்டர் வுட்டுட்டு வந்தேன்."